பின் இருக்கை இல்லாத வண்டி

முதலாளிக்கு எழுபது வயது ஆனதற்கு அவர் மகள் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிக் கொடுத்தாள். மற்ற வீடுகளில் இந்த வயதுக்குக் கைக்கடிகாரம் கொடுப்பார்கள், கம்பளி கொடுப்பார்கள், மிஞ்சிப் போனால் கால் பிடித்துவிடும் மெஷின் கொடுப்பார்கள். இந்த வீட்டில் தரையோடு தரையாக ஒட்டிக்கிடக்கிற, இரண்டே பேர் உட்காரக்கூடிய, ஸ்டார்ட் செய்தால் தெருவே திரும்பிப் பார்க்கிற ஒரு சாம்பல் நிற வண்டியைக் கொடுத்தார்கள். அது வந்து இறங்கிய காலையில் நான் பழைய செடானைக் கழுவி முடித்துவிட்டு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நிற்பதுதான் மரியாதை என்று எனக்குத் தெரியும். முழங்காலுக்குத் தெரியவில்லை.

நான் அந்த வீட்டு டிரைவர். செடானும் நானும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்கள். அதற்கு எப்போதாவது எஞ்சினைப் பிரித்து மாட்டினார்கள், எனக்கு அதுவும் கிடையாது.

முதலாளி மெத்தைக் கம்பெனி நடத்தியவர். ஊரே தூங்க மெத்தை செய்து கொடுத்த மனிதருக்கு வீட்டுக் கட்டிலில் தூக்கம் வராது. செடானின் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தால் இரண்டாவது திருப்பத்தில் குறட்டை கேட்கும். விழித்திருந்தால் பேச்சு. முதலாளியம்மா காலமான பிறகு அவர் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசுகிற இடம் என்றால் அது அந்த வண்டிதான். கம்பெனியை மகள் எடுத்துக்கொண்ட பிறகும் காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கே போகிறோம் என்று நானும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, ஆற்றுப்பாலத்துக்குக் கீழே கொஞ்ச நேரம் நிறுத்தி, இரண்டு டீ குடித்துவிட்டுத் திரும்புவோம். அவர் டீயை அவர் உள்ளே உட்கார்ந்து குடிப்பார். என் டீயை நான் பானட்டில் சாய்ந்து நின்று குடிப்பேன்.

மகளை நான் பாப்பா என்று கூப்பிடுவேன். பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்ப் பழகிய வாய், மாறவில்லை. நாற்பதை நெருங்கும் பாப்பா. அவள் நடந்து வந்தால் கம்பெனியில் மேனேஜர்கள் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார்கள். அன்றைக்கு ஷெட்டுக்குள் அவளே வந்தாள். நான் வாளியிலிருந்து எழப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"அண்ணே, டாக்டர் சொல்லிட்டார். அப்பா எல்லாத்தையும் அவரே செய்யணுமாம். சும்மா பின்னாடி உக்காந்துக்கிட்டே இருந்தா உடம்பும் போயிரும், மனசும் போயிரும்னு சொல்றார்."

"செய்யட்டும்மா. நல்லதுதானே."

"ஒரு வாரம் நீங்க அவர் பக்கத்துல உக்காந்து போங்க. அவரால தனியா ஓட்ட முடியுமான்னு பாத்துச் சொல்லுங்க."

"அதான் லைசென்ஸ் டெஸ்ட்டுல பாஸ் பண்ணிட்டாரேம்மா."

"அந்த ஆபீஸருக்கு எங்கப்பாவைத் தெரியுமா? உங்களுக்குத்தான் தெரியும். நீங்க முடியும்னு சொன்னா முடியும். முடியாதுன்னா கடைக்காரன்கிட்ட திருப்பிக் கொடுத்துடறேன். இந்த மாசம் வரைக்கும் எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்கான்."

நான் செடானைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"முடியும்னா இது எதுக்கு, ஒருத்தர் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்கார். பழைய வண்டியெல்லாம் சேத்து வைக்கிறவர். நல்லா பாத்துப்பார்." கொஞ்ச நேரம் சாவிக்கொத்தைத் திருகிக்கொண்டு நின்றாள். "ஷெட்டை எடுத்துட்டு இங்க என் பசங்களுக்கு விளையாட ஒரு இடம் கட்டலாம்னு பாக்கறேன். மாடியைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம் அண்ணே."

ஷெட்டுக்கு மேலே இருக்கும் அந்த மாடியில்தான் நானும் என் வீட்டுக்காரியும் குடியிருக்கிறோம். ஒரு அறை, அதை ஒட்டி இன்னொரு அரை அறை, கீழே வண்டி ஸ்டார்ட் ஆனால் லேசாக நடுங்கும் ஒரு ஜன்னல். துணிக்கடைக்கு விளிம்பு தைத்துக் கொடுப்பது அவள் வேலை. அந்த ஜன்னல் வெளிச்சத்தை நம்பித்தான் அவள் கண் ஓடிக்கொண்டிருக்கிறது. பாப்பா கெட்ட பெண் இல்லை. முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூச்சப்பட்டு அப்புறம் பேசலாம் என்றாள்.

மேலே போய்ச் சொன்னேன். வீட்டுக்காரி தையல் மெஷினை நிறுத்தவில்லை.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? முடியாதுன்னு சொல்லிடுங்க."

"இன்னும் வண்டியிலயே ஏறலையே."

"ஏறாமலே எனக்குத் தெரியுது. எழுபது வயசு மனுஷன், அந்தத் தவளையை ஓட்டப் போறாரா?"

அன்றிலிருந்து அந்த வண்டிக்கு எங்கள் வீட்டில் தவளை என்றுதான் பெயர்.

மறுநாள் காலையில் முதலாளி ஐயா சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வழக்கம்போல வந்தார். நான் வழக்கம்போல முன்னால் ஓடினேன், ஓடினேன் என்றால் நொண்டினேன். அவர் நேரே தவளையின் பின்பக்கம் போய்க் கதவின் கைப்பிடியைத் தேடினார். அங்கே வெறும் தகடுதான் இருந்தது. ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நானும் அதே இடத்தில் திறந்துவிடக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். இல்லாத கதவுக்கு முதலாளி ஒருவர், டிரைவர் ஒருவர்.

"முன்னாடிதான் ஐயா."

"தெரியும்பா," என்றார்.

செடானில் ஏறவேண்டும். இதில் இறங்கவேண்டும். அதுதான் இரண்டுக்கும் முதல் வித்தியாசம். செடானின் கதவைத் திறந்தால் இருக்கை இடுப்பு உயரத்தில் வாங்க என்று கூப்பிடும், தொப்பியைக் கழற்றாமலே உட்காரலாம். இதில் முதலில் ஒரு காலை விட்டு, பின்பக்கத்தைக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் போட்டு, தலையைக் குனிந்து, மிச்சமிருக்கிற காலைக் கையால் தூக்கி உள்ளே வைக்கவேண்டும். நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் முக்கி முனகி உள்ளே போய்ச் சேர்ந்தபோது பாதி நாள் வேலை முடிந்த களைப்பு வந்துவிட்டது.

செடானில் சாவியைத் திருகினால் எஞ்சின் ஒருமுறை இருமும், இரண்டாவது முறை பிடிக்கும். இதற்குச் சாவியே கிடையாது, பட்டனை அழுத்தினால் போதும், எவனையோ திட்டுவதுபோலக் கத்தும். செடானில் கியர் மாற்ற என் இடது காலும் கையும் சேர்ந்து உழைக்கவேண்டும், அப்படி உழைத்துத்தான் இந்த முழங்கால் இந்த லட்சணத்தில் இருக்கிறது. இதில் கியரைத் தானே மாற்றிக்கொள்கிறது. பெல்ட் போடாவிட்டால் மணி அடிக்கிறது, கோட்டைத் தாண்டினால் ஸ்டியரிங்கைக் குலுக்குகிறது, முன்னால் ஏதாவது வந்தால் பிரேக்கைத் தானே போட்டுக்கொள்கிறது. உண்மையைச் சொன்னால் எனக்குப் பொறாமையாக இருந்தது. இப்படி ஒரு வண்டி எனக்கு முப்பது வயதில் கிடைத்திருந்தால் இன்றைக்கு மாடிப்படி ஏறும்போது கைப்பிடிச் சுவரைப் பிடிக்கமாட்டேன்.

குறையும் இல்லாமலில்லை. வேகத்தடையில் செடான் ஏறி இறங்குவது பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. தவளை அடி உரசிக்கொண்டு தாண்டும்போது என் பல்லெல்லாம் கூசியது. செடானுக்குள் உட்கார்ந்தால் கடைகள் தெரியும், ஆட்கள் தெரிவார்கள். இதற்குள் உட்கார்ந்தால் லாரிச் சக்கரம்தான் தெரிகிறது.

ஐயா மெதுவாகத்தான் ஓட்டினார். இளவயதில் கம்பெனிக்கு அவரே வேன் ஓட்டி மெத்தை இறக்கியவர். கை மறக்கவில்லை. ஆற்றுப்பாலத்துக்குக் கீழே போய் நிறுத்தினார். நிறுத்திவிட்டு எஞ்சினை அணைக்காமல் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு என்னவென்று புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, நான் இறங்கிப் போய்க் கதவைத் திறப்பதற்குக் காத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, அதைவிட அதிகமாக அயர்ச்சி வந்தது. முக்கி முனகி ஏறி, சுற்றிப் போய்த் திறந்துவிட்டேன்.

டீயை எங்கே குடிப்பது என்பதிலும் குழப்பம். இந்த பானட்டில் சாய்ந்தால் கீறல் விழும். இரண்டு பேரும் பாலத்துத் தூணுக்குப் பக்கத்தில், ஒருவரை ஒருவர் பார்க்காமல், நின்றுகொண்டே குடித்தோம்.

இப்போது கண்ணாடி விஷயத்தைச் சொல்லவேண்டும். செடானின் உள் கண்ணாடியை நான் ரோட்டுக்காக வைத்ததே இல்லை. பின்னால் வருகிற வண்டிகளைப் பார்க்க வெளிக் கண்ணாடிகள் போதும். உள் கண்ணாடி ஐயாவின் முகத்துக்கு. தூங்குகிறாரா, வியர்க்கிறதா, பேசப் போகிறாரா என்று அதில் பார்த்துத்தான் வண்டியை ஓட்டுவேன். அவரும் அந்தக் கண்ணாடியில் என் கண்ணைப் பார்த்துத்தான் பேசுவார். எங்கள் பேச்சு அத்தனையும் அதன் வழியாகத்தான். அம்மாவுக்கு என்ன வியாதி என்று முதலில் என்னிடம் சொன்னதும் அதில்தான். என் மகன் வேலைக்கு வெளியூர் போய் எங்களைக் கை கழுவிவிட்டான் என்று நான் சொன்னதும் அதில்தான். வீட்டுக்குள் எதிரே பார்த்தால் அவர் ம் என்பார், நான் சரிங்க என்பேன், அத்தோடு முடிந்தது.

மூன்றாவது நாள் கம்பெனிச் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். குழாய் பதிப்பதற்காக ஓரத்தில் சாலையைத் தோண்டி, சிவப்பு பிளாஸ்டிக் பீப்பாய்களை வரிசையாக வைத்திருந்தார்கள்.

"உன் சம்சாரத்துக்குக் கண்ணு எப்படி இருக்கு?" என்றார் ஐயா.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. நிமிர்ந்து உள் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார். கேவலம் என்னவென்றால் நானும் அதே கண்ணாடியைப் பார்த்துத்தான், "பரவாயில்லீங்க ஐயா," என்றேன். அதில் ஒரு பஸ்ஸின் முகம் தெரிந்தது. நான் இல்லை. ஐயா என்னைத் தேடிக் கழுத்தைக் கொஞ்சம் நீட்டி இன்னும் உள்ளே பார்த்தார். தவளை கத்திக்கொண்டு தானே பிரேக் போட்டது. அதற்குள் ஒரு பீப்பாய் பம்பரில் இடித்து உருண்டு ஓடியது. என் முழங்கால், அதுவும் அந்த முழங்கால், டேஷ்போர்டின் அடியில் போய் மோதியது.

பீப்பாய்க்காரர்கள் வந்து திட்டினார்கள். நான் இறங்கிச் சமாதானம் சொன்னேன். ஐயா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

"மன்னிச்சுக்கப்பா," என்றார், மறுபடியும் கண்ணாடியிடம்.

வீங்கின காலோடு படியேறிப் போனபோது வீட்டுக்காரிக்கு முகம் மலர்ந்தது. என்மேல் பாசம் இல்லாமல் இல்லை. வெந்நீர் வைத்து, துணி நனைத்து, ஒத்தடம் கொடுத்துக்கொண்டேதான் மலர்ந்தாள்.

"பாத்தீங்களா? பொய் சொல்ற வேலைகூட மிச்சம். இடிச்சாரா இல்லையா?"

"இடிச்சார்."

"அவ்வளவுதான். அதை அப்படியே சொல்லுங்க. பம்பரே சாட்சி."

எனக்கும் அன்றைக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. மனிதர் ஓட்டினார், இடித்தார், முடியாது. யார் தலையிலும் எதையும் கட்டவேண்டியதில்லை. வண்டி கடைக்குத் திரும்பிப் போகும், மாடி மாடியாகவே இருக்கும், முழங்கால் செத்துப்போகும்வரை நான் கிளட்சை மிதித்துக்கொண்டு இருக்கலாம். இதற்குப் போய் நிம்மதி என்று பெயர் வைத்துவிட்டுத் தூங்கினேன்.

மறுநாள் என்னால் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கவே முடியவில்லை. கம்பெனி கோடவுன் வரைக்கும் எப்படியோ போய்விட்டோம். வழியில் இரண்டு முறை ஐயா பேச ஆரம்பித்தார், இரண்டு முறையும் கண் கண்ணாடிக்குப் போனது, இரண்டு முறையும் நான் ரோடு ரோடு என்று கத்தினேன். கோடவுனுக்கு முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"ஐயா, கால் ரொம்ப விண்விண்ணுன்னு தெறிக்குது. நான் இங்க இறங்கிக் காலை நீட்டிக்கறேன். நீங்க வெளிச்சாலையில ஒரு சுத்து சுத்திட்டு வாங்க."

"தனியாவா?"

"ரெண்டு திருப்பம் தானே ஐயா. மெதுவா வாங்க."

அவர் என்னை ஏதோ கேட்க வந்தவர்போலப் பார்த்தார். பிறகு போனார்.

கோடவுன் வாசலில் கிழிந்த மெத்தைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அதில் ஒன்றில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு பார்த்தேன். தவளை சாலையில் ஏறியது. லாரிக்கு வழி விட்டது. திருப்பத்துக்கு முன்பே விளக்குப் போட்டது. ஒரு சைக்கிள்காரன் திடீரென்று குறுக்கே வந்தான், அவனுக்கு முன்னால் நிதானமாக நின்று, அவன் போன பிறகு கிளம்பியது. தோண்டிப் போட்ட இடத்தில், அதே பீப்பாய்களை ஒட்டி, ஒரு சாண் இடம் விட்டு, கோடு போட்டதுபோல வந்தது. நான் ஆயுசெல்லாம் வண்டி ஓட்டியவன். நல்ல ஓட்டு எது என்று எனக்குத் தெரியும். அது நல்ல ஓட்டு.

வண்டி என்னைத் தாண்டும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். ரோட்டின்மேல் கண்ணை வைத்து, வாயை இறுக்க மூடிக்கொண்டு, அசையாமல் இருந்தார். கவனமாக ஓட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு சுற்றுப் போகச் சொல்லிக் கையைக் காட்டினேன். இன்னொன்று, இன்னொன்று. ஒவ்வொன்றும் அப்படித்தான். லைசென்ஸ் ஆபீஸரோடு போய் எப்படிப் பாஸ் செய்தார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த ஆளிடம் இவருக்குப் பேச என்ன இருக்கிறது? மனிதருக்கு வண்டி ஓட்டத் தெரியாமல் இல்லை. நான் பக்கத்தில் இருந்தால் ஓட்ட முடியாது, அவ்வளவுதான். அந்த வண்டியில் கோளாறு ஒன்று உண்டென்றால் அது நான்.

அந்தப் பழைய மெத்தையில் உட்கார்ந்து எனக்கு அழுகை வந்தது. முழங்கால் வலி என்று வைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் நின்ற வாட்ச்மேன் அப்படித்தான் நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தான்.

திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்குவதற்கு முன்னால் ஐயா கேட்டார்.

"எப்படிப்பா ஓட்டினேன்? உள்ளதைச் சொல்லு."

"பிரமாதமா ஓட்டினீங்க ஐயா."

"அப்படியா." கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். "அந்த வண்டியில உக்காந்தா தூக்கம் வரும். இதுல கண்ணைச் சிமிட்டக்கூடப் பயமா இருக்கு."

"பழகிடும் ஐயா."

"பேச்சுத்துணைக்கும் ஆள் இல்லை."

"ரேடியோ இருக்கு ஐயா. நாம சொன்னா பாட்டுப் போடுதாம்."

இப்போது யோசித்தால் என் வாயிலேயே இரண்டு போட்டுக்கொள்ளலாம்போல இருக்கிறது.

வீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமல் மென்று விழுங்கியிருக்கலாம். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அவள் இந்த முறை மெஷினை நிறுத்தினாள்.

"சரி. அதனால என்ன? இடிச்சதும் உண்மை, நல்லா ஓட்டினதும் உண்மை. ரெண்டுல ஒண்ணைச் சொன்னாப் போதும்."

"எந்த ஒண்ணு?"

"நமக்கு வீடு எதுல இருக்கோ அந்த ஒண்ணு."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. ஊசியில் நூல் கோக்க இப்போதெல்லாம் அவள் நாலு முறை முயற்சி செய்கிறாள். இந்த ஜன்னலும் போய்விட்டால் என்ன செய்வாள்? நான் பொய்யே சொல்லாத ஆளும் கிடையாது. ஐயாவுக்காக அம்மாவிடம் சொன்ன பொய், பாப்பாவுக்காக ஐயாவிடம் சொன்ன பொய், போலீஸ்காரர்களிடம் சொன்ன பொய் என்று மூட்டை மூட்டையாக இருக்கிறது. அதெல்லாம் ஒருவரைக் காப்பாற்றச் சொன்னது. இது அப்படி இல்லை. நன்றாக இருக்கிற மனிதனைப் பார்த்து, உனக்குக் கை வராது, கால் வராது, நீ பின்னால் போய் உட்கார் என்று சொல்லவேண்டும். எழுபது வயதில் அதை ஒருவர் சொன்னால் ஊரே நம்பும், கடைசியில் அவரும் நம்பிவிடுவார். என் கூரைக்காக அவர் காலை வாரிவிட எனக்கு மனம் வரவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன். எனக்கு அலுத்துப் போயிருந்தது. பொய் சொன்னால் அதை நாளைக்கும் காப்பாற்றவேண்டும், நாளை மறுநாளும் காப்பாற்றவேண்டும். அந்த வேலைக்கும் தெம்பு வேண்டுமே.

சனிக்கிழமை காலை பாப்பா கூப்பிட்டனுப்பினாள். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜை நீளமானது. ஒரு கோடியில் ஐயா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். தடவுகிறார், தடவுகிறார், சாப்பிடவில்லை. பாப்பா என்னை உட்காரச் சொன்னாள். அந்த மேஜையில் நான் உட்கார்ந்தது கிடையாது. முழங்காலுக்காக ஒரு நாற்காலியின் விளிம்பில் பட்டும் படாமலும் உட்கார்ந்தேன்.

"பம்பரைப் பாத்தேன் அண்ணே," என்றாள். "நீங்க சொல்ல வேண்டாம், எனக்கே தெரியுது. கஷ்டம்தான் இல்ல?"

வாய்ப்பு தட்டில் வைத்து நீட்டப்பட்டிருந்தது. நான் ஆமாம் என்றுகூடச் சொல்லவேண்டாம். தலையை ஆட்டினால் போதும். ஐயா வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். நேராகப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டேன் என்றால், என்னைக் கைவிட்டுவிடாதே, என் மானத்தைக் காப்பாற்று என்று கேட்கிறார் என எடுத்துக்கொண்டேன்.

"அது என்னாலதாம்மா," என்றேன். "நான் பக்கத்துல உக்காந்து பேச்சுக் கொடுத்தேன். அதுலதான் இடிச்சுது. ஐயா தனியா ஓட்டினா ஒரு குறையும் இல்லை. நான் பாத்தேன். என்னைவிட நல்லா ஓட்டுறார்."

"நிஜமாவா?"

"நிஜம்மா. பக்கத்துல ஆள் இருக்கக்கூடாது. அதான் ஒரே கண்டிஷன்."

பாப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து போய் அப்பாவின் தோளைக் கட்டிக்கொண்டாள். பாருங்கப்பா, டிரைவர் அண்ணனே சொல்லிட்டார், இனிமே நீங்க யாரையும் எதிர்பார்க்க வேண்டாம், உங்க இஷ்டத்துக்குப் போகலாம் வரலாம் என்றாள். என்னிடமும் நல்ல மாதிரியாகப் பேசினாள். அவசரமில்லை அண்ணே, வேற இடம் பாத்து, நிதானமா மாறிக்கலாம், சாமான் ஏத்த கம்பெனி லாரி அனுப்பறேன் என்றாள். ஐயா ரொட்டியை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்து போனார்.

நான் ஷெட்டுக்கு வந்தேன். மேலே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. வீட்டுக்காரிக்கு இன்னும் தெரியாது. சொல்லவேண்டும். படியைப் பார்த்தேன், அந்த நேரத்தில் என்னால் ஏற முடியும் என்று தோன்றவில்லை. செடானின் முன் இருக்கையில் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். செய்தது சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

பின் கதவு திறந்தது. ஐயா. நான் இறங்கித் திறப்பதற்குள் அவரே திறந்து, அவரே ஏறி, அவரே சாத்திக்கொண்டார். சட்டையைத் தேய்த்துத்தான் போட்டிருந்தார். தூங்கிவிட்டாரோ என்று கண்ணாடியில் பார்த்தேன். தூங்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, ஷெட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒருத்தன், பேச ஆள் வேணும்னு அந்த மேஜையில உன்னையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்," என்றார். "உன்னை யாருப்பா உண்மையைச் சொல்லச் சொன்னா?"

சாவி வண்டியில்தான் இருந்தது. எங்கே போகவேண்டும் என்று அவர் சொல்லுவார் என்று காத்திருந்தேன். வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.